பதக்கம் இருந்தது, தூக்கம் இல்லை

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். தன்னோட சொந்தக் கதையில தானே ஹீரோவா நடிச்ச ஒருத்தரை உங்களுக்குத் தெரியுமா? பயோபிக் என்றாலே யாரோ ஒரு நடிகர் மேக்கப் போட்டு வருவார், நாமளும் விசில் அடிப்போம். 1955-ல் வெளிவந்த 'டு ஹெல் அண்ட் பேக்' என்ற ஹாலிவுட் படத்தில் அப்படி இல்லை. போரில் சண்டை போட்டவரே, பத்து வருஷம் கழித்து கேமரா முன்னாடி அதே சண்டையைத் திரும்பப் போட்டார். பெயர் ஆடி மர்ஃபி. படம் பெரிய ஹிட்.

ஆனா நான் சொல்ல வந்தது அந்தப் படத்தைப் பற்றி இல்லை. ஷூட்டிங் முடிந்து வீட்டுக்குப் போனால் அவருக்குத் தூக்கம் வராது. தலையணைக்கு அடியில் குண்டு நிரப்பின துப்பாக்கி இருக்கும். அதைப் பற்றித்தான்.

டெக்சாஸ் மாநிலத்தில், குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட ஒரு ஏழைக் குடும்பத்தில் 1925 ஜூன் 20-ல் பிறந்தார். வீட்டில் மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள். அப்பா ஒரு கட்டத்தில் குடும்பத்தை விட்டுட்டுப் போய்விட்டார். ஆடி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திட்டு பருத்தி எடுக்கப் போனார். சாப்பாட்டுக்கு முயல் சுடுவார். குறி தப்பினால் அன்னைக்கு வீட்டில் கறி கிடையாது. 1941-ல் அம்மாவும் இறந்துட்டாங்க. கடைசித் தம்பி தங்கைகளை ஆசிரமத்தில் விட வேண்டியதாயிற்று.

அந்த வருஷக் கடைசியில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. ஆடி ராணுவத்தில் சேரக் கிளம்பினார். வயசு பத்தாது, உடம்பும் பத்தாது, அதனால் கடற்படையும் மரைன் படையும் வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. கடைசியில் அவருடைய அக்கா வயசைக் கூட்டி எழுதிக் கொடுத்த சான்றைக் காட்டி, 1942 ஜூனில் தரைப்படையில் சேர்ந்தார். நாம பிளஸ் டூ எழுதுற வயசு.

சிசிலி, இத்தாலி, பிரான்ஸ் என்று அடுத்தடுத்து சண்டை. 1944 ஆகஸ்டில் தெற்கு பிரான்சில், ஜெர்மானியர்கள் சரணடைவதாக வெள்ளைக்கொடி காட்டியதை நம்பி எழுந்து நின்ற அவருடைய நெருங்கிய நண்பர் லாட்டி டிப்டன், அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆடி கண் முன்னாடி நடந்தது அது. அதே வருஷம் அவருக்கே இடுப்பில் குண்டு பட்டு, காயம் அழுகி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

திரும்பி வந்ததும் 1945 ஜனவரி 26. பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் கிராமத்துப் பக்கம், பனி. ஜெர்மன் டாங்கிகளும் காலாட்படையும் நெருங்கி வர, தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த ஒரு கவச வண்டி மேல் ஏறி, அதில் இருந்த மெஷின் கன்னால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாகச் சுட்டார். அதுக்குத்தான் அமெரிக்காவின் உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானர். அப்போது அவருக்கு வயசு 19.

ஜூலையில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் அவர் முகம். அதைப் பார்த்து நடிகர் ஜேம்ஸ் காக்னி ஹாலிவுட்டுக்குக் கூப்பிட்டார். நாற்பதுக்கும் மேல் படங்கள் நடித்தார். வெளியில் இருந்து பார்த்தா செட்டில் ஆன லைஃப்.

1945 செப்டம்பரில் ராணுவம் அவரை அனுப்பும்போது 50 சதவீத டிசெபிலிட்டி என்று எழுதி அனுப்பியது. இடுப்புக் காயத்தைத் தொட்டுப் பார்க்கலாம். கனவை எப்படிப் பார்ப்பது? ரெண்டு வருஷம் கழித்து நடந்த ராணுவ மெடிக்கல் செக்கப்பில் கெட்ட கனவு, தலைவலி, வாந்தி என்று அவரே சொல்லியிருக்கிறார். போர்க் களைப்பு என்று அந்தக் காலத்தில் ஒரு வார்த்தை இருந்தது. களைப்புன்னா என்ன அர்த்தம்? ரெஸ்ட் எடுத்தா போயிடும்னு அர்த்தம். அவருக்குப் போகவில்லை. நடிகை வாண்டா ஹென்ட்ரிக்ஸோடு நடந்த முதல் கல்யாணம் ரெண்டு வருஷத்தில் முறிந்தது. அவர் தன்னைத் துப்பாக்கி முனையில் நிறுத்தியதாக வாண்டா பின்னால் சொன்னார். ஹீரோ என்பதற்காக இதை நாம மறைக்கக் கூடாது. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துதான் கஷ்டப்பட்டார்கள்.

தூக்க மாத்திரைக்கு அடிமையானார். அது புரிந்ததும் ஒரு ஓட்டல் ரூமில் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு, ஒரு வாரம் போராடி அதை விட்டார். சூதாட்டத்தில் பணம் போனது. கடன் இருந்தபோதும் மது, சிகரெட் விளம்பரத்தில் நடிக்க மாட்டேன்னு சொல்லிட்டார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ஹோல்ட்ஸ்விரைவிடப் பெரிசாகத் தெரியுது. கொரியா, வியட்நாம் போர்களில் இருந்து திரும்புபவர்களைப் பார்த்து, தன் நிலைமையை வெளியில் பேச ஆரம்பித்தார். போர் மனசுக்கு என்ன செய்கிறது என்று அரசாங்கம் ஆராய வேண்டும், முன்னாள் வீரர்களுக்கான மருத்துவ உதவியில் மனநலத்தையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். யோசிச்சுப் பாருங்க. சாதாரண சிப்பாய் ஒருத்தன் தூக்கம் வரலைன்னு சொன்னா கோழைன்னு சொல்லிடுவாங்க. ஆடி மர்ஃபியை யார் கோழைன்னு சொல்ல முடியும்?

1971 மே 28-ல் வர்ஜீனியா மலைப்பகுதியில் விமான விபத்தில் இறந்தார். வயசு 45. பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-ல். ஒன்பது வருஷம் லேட்.

பெயர் வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் முன்னாள் வீரர் மூணு விஷயம் காட்ட வேண்டும்: நோய் இருக்குன்னு டாக்டர் சொல்லணும், சர்வீஸில் அதுக்குக் காரணமான சம்பவம் நடந்திருக்கணும், ரெண்டுக்கும் தொடர்பு இருக்கணும். அப்புறம் பாதிப்பை 0, 10, 30, 50, 70, 100 என்று சதவீதத்தில் போடுவார்கள். மாட்டிக்கொள்வது ரெண்டாவது இடத்தில். முன்னணியில் சண்டை போட்டவருக்குப் பதக்கமே சாட்சி. லாரி ஓட்டினவருக்கும் சமையல் செய்தவருக்கும்? குண்டு அவர்கள் பக்கத்திலும் விழுந்தது, ஆனா அதை யார் எழுதி வைத்தார்கள்? 2010-ல்தான் விதியைத் தளர்த்தினார்கள். தாக்குதல் பயத்தோடு வேலை செய்தவர் சொல்வது அவர் இருந்த இடத்துக்கும் செய்த வேலைக்கும் பொருந்தி, துறையின் மனநல மருத்துவரும் உறுதி செய்தால், சம்பவத்துக்கு அவர் வாக்குமூலமே போதும்.

ஆடியிடம் ஆதாரம் இருந்தது, நோய்க்குப் பெயர் இல்லை. பின்னால் வந்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது, ஆதாரம் இல்லை.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் மெடல் ஆஃப் ஹானர் வாங்கியவர்களின் கல்லில் தங்க எழுத்து இருக்கும். ஆடியின் கல்லில் இல்லை. சாதாரண சிப்பாயின் கல் போதும் என்பது அவர் விருப்பம். 1973-ல் சான் அன்டோனியோவில் முன்னாள் வீரர்களுக்கான ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

அவருடைய இரண்டாவது மனைவி பமேலா, கணவர் போன பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு முன்னாள் வீரர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். பல வருஷம், டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்காக அவர்தான் கதவு தட்டினார். ராத்திரி தூங்காத ஒருத்தர் எப்படி இருப்பார் என்று அவருக்கு யாரும் சான்றிதழ் காட்ட வேண்டிய அவசியம் இருந்திருக்காது.