மார்பகக் கட்டியும் ஊசிப் பரிசோதனையும்: யார் இந்தப் பாப்பனிக்கலோ?

மார்பகத்தில் கட்டி தென்பட்டால் மருத்துவர் மெல்லிய ஊசியால் கொஞ்சம் உயிரணுக்களை உறிஞ்சி எடுப்பார். அப்புறம்?

ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதற்குப் பல இடங்களில் பயன்படும் சாயத்தின் பெயர் பாப்பனிக்கலோ. ஆமாம், 'பேப் ஸ்மியர்' சோதனையில் வரும் அதே 'பேப்'தான்!

ஜார்ஜ் பாப்பனிக்கலோ 1883இல் கிரீஸின் கிமி நகரில் பிறந்தார். மருத்துவம் படித்தவர். ஆனால் 1913இல் மனைவி ஆண்ட்ரோமாக்கியுடன் நியூயார்க் வந்தபோது அந்தப் படிப்பு உடனே கைகொடுக்கவில்லை. அவர் கடையில் தரைவிரிப்பு விற்றார். மனைவி பொத்தான் தைத்தார்.

பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை. கினிப் பன்றிகளின் உயிரணுக்களை ஆராய்ந்தவர், அடுத்து மனிதர்களுக்கு வந்தார். பல ஆண்டுகள் தன் மாதிரியைக் கொடுத்தது யார் தெரியுமா? ஆண்ட்ரோமாக்கிதான். ஆய்வுக்கூடத்திலும் கூடவே உழைத்தார். சாயத்துக்குக் கணவர் பெயர் மட்டும்தான் வைத்தார்கள் என்பது வேறு கதை.

உதிர்ந்த உயிரணுக்களிலேயே கருப்பைவாய்ப் புற்றுநோய் தெரிகிறது என்று 1928இல் சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. திசுவை வெட்டிப் பார்க்காமல் எப்படி நம்புவது என்பதே அன்றைய எண்ணம். 1941இல் ஹெர்பர்ட் டிராட்டுடன் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறியது.

ஊசி முறை அவர் கண்டுபிடித்தது இல்லை. அதே நியூயார்க்கில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 1930இல் அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். அதற்கும் வரவேற்பு குறைவுதான்.

அப்போதெல்லாம் கட்டி என்னவென்று தெரிய அறுவைச் சிகிச்சை வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே புற்றுநோய் என்று தெரிந்தால், பல நேரம் அப்படியே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். கண்விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே விஷயம் தெரியும்!

பாப்பனிக்கலோ சாயம் உயிரணுவின் உட்கருவைத் தெளிவாகக் காட்டும். தீங்கற்ற கட்டியில் உயிரணுக்கள் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு, ஒழுங்காக இருக்கும். புற்றுநோயில் பொதுவாக ஒட்டாமல் சிதறிக் கிடக்கும். உட்கரு பெருத்து, கோணல்மாணலாகத் தெரியும்.

ஆனால் புற்றுநோய் பால்குழாயைத் தாண்டிப் பரவியதா என்பதை உதிரி உயிரணுக்களை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இப்போது பல மருத்துவமனைகளில் தடித்த ஊசியால் திசுவையே எடுக்கிறார்கள்.

1958இல் மார்பகக் காம்பிலிருந்து கசியும் திரவத்திலும் புற்றுநோயைத் தேடி ஆய்வு வெளியிட்டார் பாப்பனிக்கலோ. அப்போது வயது 75ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

1961 இறுதியில் ஒரு புற்றுநோய் ஆய்வுக் கழகத்தை வழிநடத்த மயாமிக்குப் போனார். சில மாதங்களில், 1962 பிப்ரவரியில், மாரடைப்பால் காலமானார். அந்தக் கழகத்துக்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது.