டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

இலுப்பூரிலிருந்து தென்கிழக்கு நோக்கிச் சென்றால் புதுக்கோட்டையை அடையலாம். தொண்டைமான் மன்னர்களின் தலைநகராய் விளங்கிய அந்நகரிலே, 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். பெண்மக்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த காலம் அது. அம்மையார் கல்லூரியிற் சேர விழைந்தபொழுது, ஆடவர் பயிலும் இடத்திற் பெண்ணொருத்தி அமர்தல் தகாது என்று பலர் தடுத்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடையைப் பொருட்படுத்தாது இசைவளித்தார்.

பின்னர் அம்மையார் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். சென்னைச் சட்ட மன்றத்தில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடியதும், ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டதும் தனிப் பாடமாக விரித்துரைக்கத் தக்கன. ஈண்டு நாம் காணப் புகுவது வேறொரு பணி.

அம்மையாருக்கு ஒரு தங்கையார் இருந்தார். அவருக்கு நோய் கண்டது. அதனைச் சீதபேதி என்று கருதியே மருத்துவம் செய்து வந்தனர். உண்மையில் அது குடலின் இறுதிப் பகுதியிற் பற்றிய புற்றுநோய். அது தெரியவந்த காலத்தில் நோய் முற்றியிருந்தது. 1923-இல் அவர் உயிர் நீத்தார். பிறர் நோயைத் தீர்க்கும் தமக்கை, உடன்பிறந்தாளின் துன்பத்தைக் கண்டும் காக்க இயலாது கலங்கினார். அத்துயரம் நெஞ்சில் ஆறாது நின்றது. 1925-இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றபொழுது, ஆங்குப் புற்றுநோய்க்கெனவே அமைந்த மருத்துவமனையையும் கண்டு பயின்றார். இத்தகையதொன்று நம் நாட்டிலும் வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது.

1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவ்வெண்ணத்தை அவையறிய வெளியிட்டார். ஆயினும் அது நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. புற்றுநோயாளர் எவ்வாறும் இறப்பவரே, அவருக்கெனத் தனி மருத்துவமனை எற்றுக்கு என்பதே அந்நாளிற் பலர் கொண்ட கருத்து. யான் சிறுவனாயிருந்த காலத்தும் எம்மூர் முதியோர் அந்நோயின் பெயரை வாயாற் கூற அஞ்சி, ‘அந்த நோய்’ என்று தாழ்ந்த குரலிற் குறிப்பர். அம்மையார் அச்சமும் அறியார், சலிப்பும் அறியார். இந்திய மாதர் சங்கத்தின் துணைகொண்டு பொருள் திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் மருத்துவமனை தொடங்கியது. தொடக்கத்தில் இருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே! அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் இரவு பகல் பாராது உழைத்தனர். பொருளற்றவர் என்று எவரையும் வாயிலிலிருந்து திருப்பி அனுப்பலாகாது என்பது அந்நிலையத்தின் கொள்கை. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள் மறைந்தார்.

அவர் காலத்தில் இந்நோயை எதிர்க்கக் கத்தியும் கதிர்வீச்சுமே பெரும்பாலும் துணை நின்றன. இன்றோ நோயாளரின் குருதியிலுள்ள காவல் அணுக்களையே படைவீரராக்கும் முறை தோன்றியுள்ளது. ‘டி’ அணுக்கள் எனப்படும் அவற்றின் மேற்புறத்தில் ஏற்பிகள் உள்ளன. பகைவனைத் தொட்டறியும் கைகள் போன்றவை அவை. நம் உடலின் அணுக்கள் பலவும் தம்முள் இருக்கும் புரதத்தின் சிறு துண்டுகளை, ‘எச்.எல்.ஏ.’ என்னும் தட்டில் ஏந்தி வெளியே காட்டும். புற்றணு காட்டும் துண்டை அறியுமாறு ஏற்பியைப் புதிதாய் அமைத்து, அவ்வணுக்களைப் பெருக்கி, மீண்டும் உடலிற் செலுத்துவர்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அத்தட்டு எல்லார்க்கும் ஒரே வகையினதன்று, பெற்றோர் வழி வருவது, பல வகைப்பட்டது. ஒரு வகைத் தட்டுக்கென அமைத்த ஏற்பி பிறிதொரு வகையைப் பொதுவாக அறியாது. 2024-இல் அமெரிக்க நாடு ஒப்புதல் அளித்த இத்தகைய முதல் மருந்து, மூட்டுகளை அடுத்துப் பெரும்பாலும் தோன்றும் அரியதொரு புற்றுக்கு உரியது. அதுவும் ‘ஏ-2’ வகைத் தட்டுடையார்க்கே பயன்படும். ஐரோப்பியரிடையே அவ்வகை மிகுதி. நம் நாட்டிலோ ‘ஏ-11’, ‘ஏ-24’ முதலிய பிற வகைகளும் பெரிதும் காணப்படுகின்றன. நோய் ஒன்றே, மருந்தும் உண்டு. ஆயினும் பிறப்பால் அமைந்த தட்டு வேறாதலின் நோயாளர் பலர் வாயிலிலேயே நிற்க நேர்கின்றது. பிற வகைத் தட்டுகளுக்கும் பொருந்தும் ஏற்பிகளை அமைக்க அறிஞர் பல நாடுகளிலும் முயன்று வருகின்றனர்.