காலத்தை முந்திய அறிஞர்

விதைத்தவரே அறுவடை செய்தல் உழவர்தம் வழக்கம். அறிவியல் உலகிலோ ஒருவர் விதைக்க, பிறர் அறுவடை செய்தலும் உண்டு. ஜூலியஸ் எட்கார் லிலியன்பெல்டு என்னும் அறிஞரின் வாழ்க்கை இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

இவர் 1882 ஆம் ஆண்டில் லெம்பர்க் நகரில் பிறந்தார். அந்நாளில் அந்நகர் ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்திருந்தது. இன்று அஃது உக்ரைன் நாட்டில் உள்ளது. பெர்லின் பல்கலைக் கழகத்தில் பயின்று, 1905 இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் லைப்சிக் பல்கலைக் கழகத்தில் பணியாற்றி, 1920-களில் அமெரிக்காவிற் குடியேறினார்.

அக்காலத்து வானொலிப் பெட்டிகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக் கண்ணாடிக் குழல்களே பயன்பட்டன. அவை விரைவில் உடைந்தன. மிகுந்த வெப்பத்தையும் உண்டாக்கின. திண்பொருளொன்றின் மேற்பரப்பில் மின்புலத்தைச் செலுத்தியே அதனூடு பாயும் மின்னோட்டத்தை மிகுக்கவோ குறைக்கவோ கூடும் என லிலியன்பெல்டு எண்ணினார். 1925 இல் கனடாவிலும், 1926 இல் அமெரிக்காவிலும் இதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார்.

எனினும் அக்கருத்து அன்று பயன் தரவில்லை. அதற்கு வேண்டிய தூய குறைகடத்திகள் அந்நாளிற் கிடைக்கவில்லை. மேற்பரப்பில் சிக்கிக் கிடக்கும் மின்துகள்கள் வெளியிலிருந்து வரும் மின்புலத்தை உள்ளே புகவொட்டாமல் தடுக்கின்றன என்பதைப் பார்டீன் என்னும் அறிஞர் 1947 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த அட்டல்லாவும் காங்கும் சிலிக்கனின்மேல் அதன் ஆக்சைடைப் படியச் செய்து இவ்விடையூற்றை வென்று, 1960 இல் வெற்றி கண்டனர்.

இக்கருவியில் நான்கு முனைகள் உண்டு. மின்துகள்கள் புறப்படும் முனை, சென்று சேரும் முனை, வழியைத் திறக்கும் வாயில் ஆகிய மூன்றும் மேலே உள்ளன; நான்காவது, இவற்றைத் தாங்கும் சிலிக்கன் அடித்தளமாகும். புறப்படும் முனைக்கும் அடித்தளத்திற்கும் இடையே எதிர்த்திசையில் மின்னழுத்தம் அமையுமாயின், வழியைத் திறக்க வாயிலுக்குக் கூடுதலான மின்னழுத்தம் தேவைப்படும். ஆதலின் பல இடங்களில் அடித்தளத்தைப் புறப்படும் முனையோடு இணைத்துவிடுவர். கீழே மறைந்து கிடப்பதும் மேலே நிகழ்வதை ஆளும் என்பதை இதனால் அறியலாம்.

லிலியன்பெல்டு 1935 இல் கரிபியன் கடலிலுள்ள செயிண்ட் தாமஸ் தீவிற்குச் சென்று வாழ்ந்து, 1963 இல் மறைந்தார். அவர்தம் துணைவியார் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு அமெரிக்க இயற்பியற் கழகம் 1988 இல் அவர் பெயரால் பரிசொன்றை நிறுவியது. இன்று கணிப்பொறி ஒவ்வொன்றினுள்ளும் அவர் எண்ணிய கருத்தே கோடிக்கணக்கான சிறு கருவிகளாய் இயங்குகின்றது. கண்ணுக்குப் புலப்படாத அடித்தளம்போல் அவர் உழைப்பும் நிலைத்து நிற்கின்றது. பயன் உடனே கிட்டாவிடினும், உண்மையான முயற்சி வீண்போவதில்லை.