காட்டுக்கு அரண் செய்த சட்டம்

பழனி மலையில் வடகவுஞ்சிக் குடியானவர், தம் தோட்டத்தில் காட்டெருமை புகுந்தால் விரட்டலாமேயன்றி, அனுமதியின்றிக் கொல்லலாகாது. இத்தடையின் வரலாற்றை நாடிச் சென்றால், அது ஸ்ரீமதி இந்திரா காந்தியின் வாழ்க்கையிற் போய் முடிகிறது.

1917 இல் அலகாபாத்தில் பிறந்த அவ்வம்மையாருக்குப் பத்து வயதாயிருக்கையில், 1928 இல், தந்தையார் நேரு பூமியும் ஜீவராசிகளும் தோன்றிய விருத்தாந்தத்தைக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். 1966 இல் அம்மையார் பிரதம மந்திரியானபோது தேசத்தில் வேட்டையும் தோல் வியாபாரமும் மும்முரமாக நடந்துவந்தன. 1972 ஆம் வருஷக் கணக்கெடுப்பில் தேறிய புலிகள் 1,827.

ஆயினும் சட்டம் செய்வது எளிதாயில்லை. வனவிலங்குப் பாதுகாப்பு அன்று ராஜ்யங்களின் அதிகாரத்தைச் சேர்ந்த விஷயம். இரண்டு ராஜ்யங்களேனும் தீர்மானித்துக் கோரினால் பார்லிமெண்டு சட்டமியற்றலாமென அரசியல் சட்டத்தின் 252 ஆவது ஷரத்து இடந்தருகிறது. அவ்வழியே பதினொரு ராஜ்யச் சட்டசபைகள் தீர்மானிக்க, 1972 செப்டம்பரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. நமது தமிழ்நாடு அப்பதினொன்றில் இல்லை, பின்னரே சேர்ந்தது. 1973 இல் புலிகள் திட்டம் தொடங்கிற்று. 1980 இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1983 இல் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் யோசனை கைவிடப்பட்டது.

1976 இல், நெருக்கடி நிலையின்போது செய்த 42 ஆவது திருத்தம், வனத்தையும் வனவிலங்கையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றிற்று. ஜனங்களின் சுதந்திரம் ஒடுங்கிய வேளையிலேயே விலங்குகளின் அரண் வலுத்தது. இவ்விரண்டையும் மறையாமற் சொல்வதே நேர்மையென நாம் கருதுகிறோம். 1984 அக்டோபர் 31 ஆந் தேதி அவர் கொலையுண்டார்.

அவர் நட்ட சட்டம் வீண்போகவில்லை. 2022 ஆம் வருஷ மதிப்பீட்டில் புலிகள் 3,682. பழனி மலைக் காடுகளில் சுமார் 608 சதுர கிலோமீட்டர் 2013 இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. ஆனால் அது டில்லியிலிருந்து இறங்கிவந்த சட்டம். பரம்பரையாய்க் காட்டில் வாழும் பளியரின் குரல் அதில் ஒலிக்கவில்லை. அக்குறையை 2006 ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஒருவாறு நிவர்த்தி செய்ய முற்பட்டது.

2022 இல் சட்டத்தைத் திருத்தியபோது பொது அபராதம் 25,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாயிற்று. அபராதம் உயர்ந்ததோடு திருப்தியடைதல் கூடாது. பயிரிழந்தவனுக்குத் தாமதமின்றி நஷ்டஈடும், பளியருக்கு அவர்தம் உரிமையும் கிட்டினாலன்றிச் சட்டம் பலப்படாது. வேலியில் நிற்கும் மனிதனே விலங்கைப் பகையாக எண்ணுவானாயின், டில்லியில் எழுதிய அரண் மலையில் நிற்குமா? சர்க்கார் இதைச் சிந்திக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம்.