சுமை தூக்கப் போனவர் சிகரம் ஏறிய கதை

இந்த மலருக்கு யாராவது ஒரு பெரியவரோட வாழ்க்கை வரலாறு வேணும்னு கூட்டமைப்புக் கூட்டத்துல பேசினப்ப, ஆளுக்கு ஒரு பேர் சொன்னாங்க. நான் டென்சிங் நார்கே பேரைச் சொன்னேன். எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலில் ஏறிய இரண்டு பேரில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்காகப் படிச்சு, பரீட்சை முடிஞ்சதும் மறந்துபோன பேர். அவர் வாழ்க்கையை முழுசாப் பார்த்தா கூலி, சுமை, எழுதப் படிக்க வராத கை, செஞ்ச வேலைக்கு யார் பேரு முன்னால வரணும்ங்கிற வழக்கு, எல்லாமே இருக்கு. நம்ம வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு பக்கத்துச் சகோதரிகளுக்கு இதெல்லாம் புதுசு இல்ல.

டென்சிங் 1914-ஆம் ஆண்டு பிறந்தார். தேதி யாருக்கும் தெரியாது. பயிர் நின்ற நிலையையும் பருவத்தையும் வைத்து மே மாதக் கடைசி என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். நம்ம வீட்டுப் பெரியவங்க பிறந்த நாளைச் சொல்ற மாதிரிதான். பெற்ற தாய்க்குப் பதின்மூன்று பிள்ளைகள், இவர் பதினோராவது. அந்தப் பதின்மூன்றில் பல பிள்ளைகள் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். பிறந்தபோது வைத்த பேர் நம்கியால் வாங்டி. பிறகு ஒரு லாமா சாமியார் சொன்னதால் டென்சிங் நார்கே என்று மாற்றினார்கள். அப்பா எருமை மாதிரி சடை வளர்ந்த யாக் மாடு மேய்த்தவர். அம்மா கின்சோம். நேபாளத்தில் எவரெஸ்ட் மலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் தாமே என்ற ஊரில் வளர்ந்தார். அந்த மலைக்கு அவங்க ஊர்ப் பேரு சோமோலுங்மா. பறவைகூட பறந்து தாண்ட முடியாத மலை என்று அம்மா சொல்லி வளர்த்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மடத்தில் படிக்கப் போட்டார்கள். அங்கே தங்கவில்லை, ஓடி வந்துவிட்டார். அவருக்குப் படிப்பு வராமல் போனது அத்தோடுதான். கடைசி வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொண்டார். ஆனால் பல மொழிகள் பேசுவார். நம்ம குழுக்கள்லயும் ஆரம்பத்துல கைநாட்டு வச்சுட்டு, அப்புறம் தீர்மான நோட்டுல கையெழுத்துப் போட்ட அக்காமார் எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்களுக்கு இது புரியும்.

பதினெட்டு வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் டார்ஜிலிங்குக்குக் கிளம்பினார். வெள்ளைக்காரர்கள் மலை ஏற ஆள் எடுப்பது அந்த ஊரில்தான். 1933-ல் வேலை கேட்டுப் போனபோது சேர்த்துக்கொள்ளவில்லை. முன்பு வேலை பார்த்ததற்கு ஒரு சான்றுச் சீட்டும் அவரிடம் இல்லை. 1935-ல் எரிக் ஷிப்டன் என்ற ஆங்கிலேயர் தலைமையில் போன குழுவில்தான் முதல் வாய்ப்பு. கூலி நாளுக்குப் பன்னிரண்டு அணா, பனி தொடங்கும் இடத்துக்கு மேலே போனால் ஒரு ரூபாய்.

சுமை தூக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லணும். நாம சும்மாடு வச்சு உச்சந்தலையில ஏத்துவோம். அவங்க ஒரு பட்டையை நெத்தியில மாட்டி, சுமையை முதுகுல தொங்க விட்டு, முன்னால குனிஞ்சு நடப்பாங்க. ஆண்கள் மட்டும் இல்லை, ஷெர்ப்பாப் பெண்களும் அப்படித்தான் சுமந்தார்கள். எவரெஸ்ட் பயணங்கள் பலவற்றில் கீழ் முகாம்கள் வரைக்கும் சாமான் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்தப் பெண்களின் நெற்றியும் முதுகும் உண்டு. புத்தகங்களில் அவங்க பேரு ஒண்ணுகூட தேடிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

1936, 1938 என்று மறுபடியும் போனார். 1938-ல் மிக உயரத்தில் இருந்த முகாமுக்குச் சுமை கொண்டுபோனதற்காகப் புலி என்ற பட்டமும் பதக்கமும் கிடைத்தது. அதற்குப் பிறகு உலகப் போர் வந்தது, மலை ஏற்றம் நின்றுபோனது. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் சித்ராலில் வேலை பார்த்தார். முதல் மனைவி தவா புட்டி 1944-ல் அங்கேயே இறந்துபோனார். அதற்கு முன்பே நான்கு வயது மகனையும் பறிகொடுத்திருந்தார்கள். பெம் பெம், நீமா என்ற இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு டார்ஜிலிங் திரும்பினார்.

இங்கே ஆங் லாமு வருகிறார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவர் இவர்தான். 1945-ல் டென்சிங்கை மணந்து, அந்த இரண்டு பெண்களையும் தன் பிள்ளைகளாக வளர்த்தார். போருக்குப் பிறகு மலை ஏற வருபவர்கள் இல்லை, கணவருக்கு வேலை இல்லை. ஆங் லாமு வீடுகளில் ஆயா வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். வருஷக்கணக்கில் அடுப்பு எரிந்தது அவர் சம்பளத்தில். டென்சிங்கும் இதை மறைக்காமல் தன் வாழ்க்கைக் கதையில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

1952-ல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் டென்சிங்கைச் சுமைக்காரராக மட்டும் வைக்காமல் ஏறும் குழுவிலேயே ஒருவராகச் சேர்த்தார்கள். ரேமண்ட் லாம்பெர்ட் என்பவரோடு ஜோடி. லாம்பெர்ட்டுக்குப் பல வருஷம் முன்பே பனியில் கால் விரல்கள் போய்விட்டன, அப்படியும் ஏறுகிற மனிதர். இரண்டு பேரும் ஒரு ராத்திரி 27,000 அடிக்கு மேலே ஒரு சின்னக் கூடாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தூங்கும் பை இல்லை, அடுப்பும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, டப்பாவில் பனியை உருக்கி, அந்தத் தண்ணீரால் தொண்டையை நனைத்தார்கள். தூங்கினால் விறைத்துச் செத்துவிடுவோம் என்று ஒருத்தரை ஒருத்தர் தட்டித் தேய்த்து விடியும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் சுமார் 28,200 அடி வரை போனார்கள். அதுவரைக்கும் அவ்வளவு உயரம் யாரும் போனதாகப் பதிவு இல்லை. சிகரத்துக்கு இன்னும் எண்ணூறு அடிதான் பாக்கி. அங்கிருந்து திரும்பினார்கள். அன்றைக்குத் திரும்பவில்லை என்றால் அடுத்த வருஷம் டென்சிங் இருந்திருக்க மாட்டார்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மறுபடி ஏறிப் பார்த்தார்கள், காற்றும் குளிரும் விரட்டிவிட்டது. டென்சிங் காய்ச்சலில் விழுந்து பாட்னாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடம்பு இன்னும் தேறவில்லை, அதற்குள் பிரிட்டிஷ் குழு 1953-க்கு அழைத்தது. ஆங் லாமு போக வேண்டாம் என்றார். வீட்டில் பெரிய வாக்குவாதம். நியாயமான பயம்தானே, புருஷன் போய்ச் சேர்ந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது? கடைசியில் போனார். மகள் நீமா தன் பென்சில் ஒன்றைக் கொடுத்து மலை உச்சியில் வைக்கச் சொல்லி அனுப்பினாள். டார்ஜிலிங் நண்பர் ஒருவர் இந்தியக் கொடி கொடுத்தார். லாம்பெர்ட் தந்த சிவப்புக் கழுத்துத் துணியையும் எடுத்துக்கொண்டார்.

காட்மாண்டில் தொடக்கமே சரியில்லை. பிரிட்டிஷ் தூதரகத்தில் குழுவின் வெள்ளைக்காரர்களுக்கு அறைகள், ஷெர்ப்பாக்களுக்கு வண்டி நிறுத்தும் கொட்டகையில் தரை. கழிப்பிடமும் இல்லை. தலைமை ஷெர்ப்பா என்பதால் டென்சிங்குக்கு மட்டும் உள்ளே இடம் தருவதாகச் சொன்னார்கள். அவர் தன் ஆட்களோடு கொட்டகையிலேயே படுத்தார். காலையில் ஷெர்ப்பாக்கள் கோபத்தைக் காட்டினார்கள், எப்படி என்றால் கொட்டகைக்கு முன்னாலேயே சிறுநீர் கழித்து. எழுதச் சங்கடமா இருந்தாலும் நடந்தது அதுதான். ஒரு பக்கம் தன் ஆட்கள், ஒரு பக்கம் சம்பளம் தருகிற குழு, நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை டென்சிங்குக்கு. ஊக்குநர் பொறுப்பு பார்த்தவங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

ஜான் ஹண்ட் என்ற ராணுவ அதிகாரி தலைவர். 350-க்கும் மேற்பட்ட சுமைக்காரர்கள் சாமான்களைச் சுமந்துபோனார்கள். நம்ம கல்வராயன் மலை இரண்டாயிரம், மூவாயிரம் அடி. கச்சிராயபாளையத்திலிருந்து தலைச்சுமையோடு ஏறினால் அதற்கே மூச்சு வாங்கும். அந்தச் சிகரம் 29,000 அடிக்கு மேல். உச்சியில் நாம சுவாசிக்கிற காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். தண்ணீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால அரிசி போட்டா சோறு லேசுல வேகாது. இந்தக் கணக்கெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு மீதியைப் படிங்க.

கீழே பனிப்பாறைகள் உடைந்து நகரும் இடத்தில் ஒருநாள் எட்மண்ட் ஹிலாரி ஒரு வெடிப்பைத் தாண்டிக் குதித்தபோது கால் வைத்த பனி உடைந்து உள்ளே விழுந்தார். இருவரும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். டென்சிங் பனிக்கோடரியைக் குத்தி, கயிற்றை அதில் சுற்றி இழுத்துப் பிடித்தார். ஹிலாரி நியூசிலாந்தில் தேனீ வளர்ப்பவர், நம்ம மலைத்தேன் எடுக்கிறவங்களுக்குத் தூரத்துச் சொந்தம்னே வச்சுக்கலாம். அந்த நாளுக்குப் பிறகு இருவரும் நல்ல ஜோடி ஆனார்கள்.

மே 26-ஆம் தேதி முதல் ஜோடியான இவான்ஸும் போர்டிலனும் சிகரத்துக்கு முன்னால் உள்ள தெற்கு முகடு வரை போய், மூச்சுக் கருவிக் கோளாறாலும் களைப்பாலும் திரும்பினார்கள். 27-ஆம் தேதி முழுக்கச் சூறைக்காற்று, கூடாரத்தை விட்டு யாரும் நகர முடியவில்லை. 28-ஆம் தேதி காற்று தணிந்தது. கடைசி முகாமுக்குச் சுமை தூக்க இருந்த மூன்று ஷெர்ப்பாக்களில் இரண்டு பேருக்கு உடம்பு முடியவில்லை. ஆங் நீமா ஒருவர்தான் எழுந்தார். அதனால் லோ, கிரிகரி, ஹிலாரி, டென்சிங், ஆங் நீமா ஐந்து பேரும் பங்கு போட்டுத் தூக்கினார்கள். வழியில் இரண்டு நாள் முன்பு ஹண்டும் டா நம்கியாலும் விட்டுப்போன சாமான்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஹிலாரி முதுகில் 28 கிலோவுக்கு மேல். 27,900 அடியில் டென்சிங்கையும் ஹிலாரியையும் விட்டுவிட்டு மற்ற மூவரும் இறங்கினார்கள்.

இருவரும் பாறைச் சரிவில் பனியைச் செதுக்கி ஒரு படி மாதிரி இடம் செய்தார்கள். கூடாரத்துக்கு முளை அடிக்க வழியில்லை, காற்று உருளைகளைப் பனியில் புதைத்து அவற்றில் கயிறு கட்டினார்கள். சூப், மத்தி மீன், பிஸ்கட், எலுமிச்சைச் சாறு, இதுதான் சாப்பாடு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 27 டிகிரி. ஹிலாரி பூட்ஸைக் கழற்றி வைத்துத் தூங்கினார், காலையில் அது இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. அடுப்பில் காட்டி இளக்கவே ரொம்ப நேரம் பிடித்தது. டென்சிங் பூட்ஸைக் கழற்றவே இல்லை. மலைக்காரர் புத்தி.

மே 29 காலை ஆறரை மணிக்குக் கிளம்பினார்கள். பொடிப் பனி காலுக்கடியில் சரிந்துகொண்டே இருந்தது. மாறி மாறி முன்னால் போய்ப் படி வெட்டினார்கள். முதல் ஜோடி மிச்சம் வைத்துப்போன இரண்டு காற்று உருளைகள் வழியில் இருந்தன, திரும்பி வரும்போது அதுதான் உயிர் காக்கும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டார்கள். தெற்கு முகட்டுக்கு அப்பால் நாற்பது அடி உயரப் பாறைச் சுவர். பாறைக்கும் பனிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஹிலாரி நெளிந்து ஏறினார், டென்சிங் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, பின்னால் ஏறினார். பகல் பதினொன்றரை மணிக்கு மேலே ஏற மலை இல்லை. ஹிலாரி கை நீட்டினார், டென்சிங் கட்டிப்பிடித்தார். பனிக்கோடரியில் ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா நான்கு கொடிகளும் பறந்தன. டென்சிங் பனியில் சின்னக் குழி தோண்டி இனிப்புகளையும் நீமாவின் பென்சிலையும் வைத்துக் கும்பிட்டார். பதினைந்து நிமிடம் இருந்தார்கள். அந்த மலைக்கு அவர் வந்தது அது ஏழாவது தடவை.

இறங்கி வந்த பிறகுதான் பெரிய தலைவலி. முதலில் கால் வைத்தது யார்? காட்மாண்டில் டென்சிங் ஹிலாரியைக் கயிற்றில் இழுத்துப்போவது மாதிரி படம் வரைந்து வைத்திருந்தார்கள். டென்சிங் எந்த நாட்டுக்காரர் என்று நேபாளமும் இந்தியாவும் போட்டி போட்டன. ஹண்டுக்கும் ஹிலாரிக்கும் பிரிட்டிஷ் ராணி சர் பட்டம் தந்தார், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இன்னொரு பக்கம், பாறைச் சுவரில் அவரை மீனை இழுத்துப் போட்ட மாதிரி ஏற்றியதாக எழுதியது அவர் மனசை ரொம்பப் புண்படுத்தியது. கயிற்றில் கட்டிப் போகிற இருவரில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் வருவது வேலையின் முறை. இதில் உயர்வு தாழ்வு எங்கே வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே சேர்ந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கேள்வி அப்பவும் நிற்கவில்லை. கடைசியில் 1955-ல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் ஹிலாரிதான் சில அடி முன்னால் கால் வைத்தார் என்று டென்சிங்கே சொல்லிவிட்டார். தன்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொன்னார். என்னைக் கேட்டால் சிகரம் ஏறியதைவிட இது கஷ்டமான காரியம்.

நேரு அவர் மேல் பிரியமாக இருந்தார், லண்டன் போக நல்ல துணி இல்லை என்று தன் உடைகளையே கொடுத்தார். 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமயமலை ஏறும் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது டென்சிங்தான் களப் பயிற்சி இயக்குநர். 1976 வரை அங்கே வேலை பார்த்தார். 1959-ல் பத்மபூஷண்.

அதே 1959-ல் பெண்கள் மட்டும் சேர்ந்த ஒரு குழு சோ ஓயு என்ற 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரத்துக்குப் போனது. பிரான்சைச் சேர்ந்த கிளாட் கோகன் தலைவி. பெம் பெம், நீமா இருவரும் அதில் இருந்தார்கள், பென்சில் கொடுத்து அனுப்பிய அதே நீமா. மோசமான வானிலை, பனிச்சரிவு. கோகனும் இன்னொரு பெண்ணும் இரண்டு ஷெர்ப்பாக்களும் திரும்பவில்லை. டென்சிங்கின் மகள்கள் உயிரோடு வீடு வந்தார்கள். அந்த நாட்களில் ஆங் லாமு எப்படி இருந்திருப்பார் என்பதை எந்தப் புத்தகமும் பெரிதாக எழுதவில்லை.

ஆங் லாமு 1964-ல் இறந்தார். டென்சிங்குக்கு இன்னொரு மனைவி டாகு மூலம் மூன்று மகன்களும் ஒரு மகளும். 1984 மே மாதம் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனதைப் பார்க்க அவர் இருந்தார். 1986 மே 9-ஆம் தேதி டார்ஜிலிங்கில் காலமானார். பத்து வருஷம் கழித்து மகன் ஜம்லிங் எவரெஸ்ட் ஏறினார். அதற்கடுத்த வருஷம், 1997-ல், பெம் பெம்மின் மகன் தாஷி ஏறினார்.