இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஒண்ணா? நடேசய்யர் காலத்துக் கூலிக் கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்கள் இருந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில். அந்த மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கானவங்க இலங்கைத் தோட்டங்களுக்குக் கிளம்பினாங்க. மண்டபம் கேம்ப், தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். கங்காணி சொன்ன கூலி, ஊர்க் கூலியைவிடப் பெரிசா தெரிஞ்சது.

நிஜமாவே பெரிசா?

அப்போ இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஒண்ணுக்கு ஒண்ணு. அதனால் ஒப்பிடுவது சுலபம்னு தோணும். ஆனா கரிசல் வீட்டில் கம்பும் குதிரைவாலியும் சொந்தக் காட்டில் விளைஞ்சு குலுக்கைக்கு வரும். மலையில் அது கிடையாது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வரும் அரிசியைத் தோட்டமே கொடுத்து, கூலியில் பிடிச்சுக்கும். கையில் வரும் காசு முக்கியமில்லை, அது எவ்வளவு வாங்கித் தருது என்பதுதான் முக்கியம். இரண்டு நாட்டுப் பணத்தை இப்படி ஒப்பிடும் முறைக்கு 1918-ல் ஸ்வீடன் பொருளாதார அறிஞர் குஸ்தாவ் காசெல் வைத்த பெயரைத்தான் இன்னைக்கு 'வாங்கும் திறன் சமநிலை' என்கிறோம். இலங்கை மாதிரி சின்னத் தீவு நாட்டின் வருமானத்தை இந்தியாவோடு ஒப்பிட உலக வங்கி இப்போதும் இதைத்தான் எடுக்குது.

தோட்டத் தொழிலாளியின் கூலியைப் பொதுமேடையிலும் சபையிலும் பேசுபொருளாக்கியவர்களில் முக்கியமானவர் கோ.நடேசய்யர். 1887-ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவர். வணிகப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், 'வர்த்தகமித்திரன்' பத்திரிகை நடத்தியவர். கணக்கு தெரிஞ்ச ஆள், அதுதான் பின்னால் துரைமார்களுக்குத் தலைவலி.

தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷம் போட்டு லயங்களுக்குள் போனார். அங்கே பார்த்தது கடன். வழிச்செலவில் தொடங்கும் கடன், கங்காணி கணக்கில் ஏறிக்கிட்டே போகும். அந்தக் கடனை இன்னொரு தோட்டம் அடைத்தால்தான் ஆளை விடும் 'துண்டு' முறை சட்டப்படி ஒழிஞ்சதே 1921-ல்தான்.

இலங்கையிலேயே தங்கிவிட்ட அவர் 'தேசநேசன்' பத்திரிகையில் எழுதினார், சட்டசபைக்குள் போனார். இந்திய அரசின் அழுத்தமும் சேர, 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929-ல் நடைமுறைக்கு வந்தபோது மலை உச்சித் தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 54 சதம், பெண்ணுக்கு 43. நம்ம ஊர்க் கணக்கில் 54 சதம் என்பது கிட்டத்தட்ட எட்டரை அணா. சட்டத்தின் சுவாரசியமான இடம் வேற: கூலியோடு அரிசி விலையும் நிர்ணயம். ஒரு புசல் 4 ரூபாய் 80 சதம்.

வகுத்துப் பாருங்க. ஒரு புசலுக்கு ஆணுக்கு ஏறக்குறைய 9 நாள் உழைப்பு, பெண்ணுக்கு 11 நாளுக்கு மேல். காசெல் கட்டுரையெல்லாம் படிக்காமலே லயத்துப் பெண்களுக்கு இது புரிஞ்சிருக்கும்! அரிசி போக மிச்சத்தில்தான் துணி, மிளகாய், பழைய கடன்.

உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அந்தக் கூலியையும் வெட்டினாங்க. 1931-ல் நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தனிச் சங்கம் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் பாடினார். எழுத்தறிவு இல்லாத கூட்டத்துக்குப் பத்திரிகையைவிடப் பாட்டுதான் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும். 1936-ல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசுச் சபைக்குத் தேர்வானார், 1947 வரை இருந்தார்.

1947 நவம்பரில் இறந்தார். அடுத்த வருஷம் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அவர் யாருக்காகக் கூலி கேட்டாரோ அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் லட்சக்கணக்கானவங்க அதே கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினாங்க.