காயம் ஆறிய பிறகும் வலித்தவர்களின் வைத்தியர்

யுத்தத்தில் காயப்பட்டவரின் முதல் வலியை எல்லோரும் நம்புவார்கள். இரத்தம் தெரியும், கட்டுத் தெரியும். காயம் ஆறி, தோல் மூடி, பல வருடங்கள் கழிந்த பிறகு பிடரியிலிருந்து உச்சந்தலைவரை சுளீரென்று மின்சாரம் பாய்வதுபோல வலிக்கிறது என்று அவர் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. நாவிதன்வெளிப் பிரதேசத்தில் அன்னமலை, சொறிக்கல்முனை, மத்திய முகாம் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப்பட்ட தலையிடியோடு வாழும் ஒருவரையாவது சந்திக்கலாம். உள்ளே செல் துண்டு கிடக்கிறது என்பார் ஒருவர். யோசனை கூடிப்போயிற்று என்று வீட்டார் சொல்வார்கள். இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்.

இந்த வலிக்கு முதன்முதலில் ஒரு தனி வைத்தியசாலையே கேட்டு வாங்கி, கட்டிலருகே உட்கார்ந்து எழுதி வைத்த மனிதர் சைலஸ் வியர் மிட்செல். அமெரிக்கர். நரம்பியல் வைத்தியத்தின் முன்னோடிகளில் ஒருவராக இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறார்.

1829ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1850இல் பட்டம் பெற்று, பாரிஸ் போய் உடலியலாளர் குளோட் பெர்னார்டிடம் படித்தார். திரும்பி வந்து அவர் முதலில் ஆராய்ந்தது நரம்பை அல்ல, கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தை. அந்த ஆய்வு 1860இல் வெளிவந்தது. பாம்புக்கடியைத் தெரிந்த நம் வயல் ஊர்க்காரருக்கு அதுவே ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே வேண்டாம்.

அடுத்த வருடம் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் வெடித்தது. 1862இல் தொண்டைக் கரப்பன் நோயில் மனைவி இறந்துபோனார். இரண்டு ஆண் பிள்ளைகளோடு தனித்து நின்ற மிட்செல், இராணுவ வைத்தியசாலைகளில் ஒப்பந்த வைத்தியராக வேலைக்குச் சேர்ந்தார். அந்த யுத்தத்தில் பாவித்த ஈயக் குண்டு பெரியது, மென்மையானது. உடலில் பட்டதும் நசுங்கிப் பரந்து எலும்பையும் நரம்பையும் சேர்த்துக் கிழிக்கும். உயிர் தப்பியவர்களில் பலர் காயம் ஆறிய பிறகும் கத்திக்கொண்டிருந்தார்கள். சாதாரண வார்டுகளில் அவர்கள் ஒரு தொல்லை. மிட்செல் அவர்களைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டார். இராணுவத் தலைமை வைத்தியராக இருந்த வில்லியம் ஹமண்ட் அவருடைய நண்பர். 1863இல் பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேனில் நரம்புக் காயங்களுக்கென்றே 400 கட்டில்களோடு ஒரு வைத்தியசாலை உருவானது. கெட்டிஸ்பர்க் சண்டையில் காயப்பட்டவர்களும் அங்கே வந்தார்கள்.

ஜோர்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் ஆகிய இருவரோடு சேர்ந்து மிட்செல் அங்கே செய்த வேலை இன்று வாசித்தாலும் வியப்பாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் எங்கே குண்டு பட்டது, எந்த இடம் விறைத்திருக்கிறது, எந்த இடம் எரிகிறது, எதனால் கூடுகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். கையில் குண்டு பட்ட சிலருக்கு உள்ளங்கை நெருப்பில் வைத்ததுபோல எரியும். தோல் மினுங்கும். அவர்கள் தண்ணீர்ப் போத்தலும் நனைத்த பஞ்சுமாகவே திரிந்தார்கள். சப்பாத்துக்குள்ளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் யாராவது பத்திரிகையைச் சரசரவென்று விரித்தாலோ, வார்டில் கனமாக நடந்தாலோ வலி ஏறிவிடும். காயமோ கையில் ஆறிக் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நடிப்பாகவோ பைத்தியமாகவோதான் தெரியும். மிட்செல் அதை நரம்பின் நோய் என்றார். 1864இல் மூவரும் சேர்ந்து நூலாக வெளியிட்டார்கள். மூன்று வருடம் கழித்து அந்த எரிவுக்குக் கோசல்ஜியா என்று கிரேக்கச் சொற்களில் பெயரிட்டார்.

ஆனால் அவரை முழுக்க நோயாளிகளின் தோழனாக்கிவிட முடியாது. அதே 1864இல் அதே மூவரும், சண்டைக்குத் திரும்ப மனமில்லாமல் நோய் நடிக்கும் சிப்பாய்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்றும் எழுதினார்கள். ஈதர் கொடுத்து மயக்கி, தெளியும் நேரத்தில் அசையாது என்று சொன்ன கை அசைகிறதா என்று பார்ப்பார்கள். நம்பியதும் சோதித்ததும் ஒரே ஆள்தான். எனக்கு அது முரணாகப் படவில்லை. சோதிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் வலி உண்மை என்று எழுதியபோது இராணுவம் மறுக்க முடியாமல் போனது.

கை கால் இழந்தவர்கள் இல்லாத பாதத்தில் வலிக்கிறது என்று சொன்னதையும் அவர் விடவில்லை. 1866இல் நான்கு அவயவங்களையும் இழந்த ஒரு சிப்பாயின் கதையைப் பெயர் போடாமல் சஞ்சிகையொன்றில் எழுதினார். கற்பனைக் கதை அது. வாசகர்கள் உண்மை என்று நினைத்து அந்தச் சிப்பாய்க்குப் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். இல்லாத அவயவத்தின் உணர்வுக்கு அவர் பின்னர் வைத்த பெயரைத்தான் இன்றும் உலகம் முழுக்க வைத்தியர்கள் பாவிக்கிறார்கள்.

தலையிடியிலும் அவர் கை வைத்தார். கண்ணின் பார்வைக் குறையால் வரும் தலையிடியைப் பற்றி 1870களில் எழுதி, தீராத தலையிடி என்று வருடக்கணக்கில் அலைந்தவர்களில் சிலருக்குச் சரியான கண்ணாடியே மருந்து என்று காட்டினார். தலைக்குள் ஏதோ கிடக்கிறது என்று பயந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

தலைக்குள் ஏதோ கிடக்கிறது என்ற பயம் நமக்கும் பழையது. தேரையர் என்ற சித்தரின் பெயருக்கே அப்படியொரு கதை உண்டு. அரசனொருவனின் ஓயாத தலையிடிக்காக அகத்தியர் மண்டையைத் திறக்க, மூளைமேல் தேரை உட்கார்ந்திருந்ததாம்; பக்கத்தில் நின்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் காட்ட, அது தாவி அதில் விழுந்ததாம். கதைதான். ஆனால் செல் துண்டைச் சுமக்கும் ஒருவருக்கு அது வெறும் கதையாக இராது. அந்தத் துண்டை எடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்றுதான் மனம் சொல்லும்.

இங்கே மிட்செலின் வழியில் கேட்டுப் பார்ப்பது உதவும். மூளைக்கு வலி உணர்வு கிடையாது. வலிப்பது அதைச் சுற்றியுள்ள சவ்வும் இரத்தக் குழாய்களும் தலைத்தோலின் நரம்புகளும். ஆகவே உள்ளே கிடக்கும் துண்டு சும்மா கிடக்க, வெளியே தழும்புக்குள் சிக்கிய ஒரு நரம்பே வலியைத் தரலாம். பிடரியில் தொடங்கி உச்சிவரை வெட்டி இழுக்கும் வலி, கழுத்தின் மேற்பகுதியிலிருந்து தசைகளைத் துளைத்து ஏறும் பிடரி நரம்பிலிருந்து வரலாம். கழுத்தில் அடிபட்டவர்களுக்கும், தசை இறுகிக் கிடப்பவர்களுக்கும் அது வரும். அந்த நரம்பருகே விறைப்பூசி போட்டு வலி நின்றால் காரணம் ஓரளவு தெரிந்துவிடும்.

முகத்தில் ஒரு பக்கம் மட்டும், சில விநாடிகள் மின்னலடிப்பதுபோல வலித்து நின்று, முகம் கழுவும்போதோ பல் தீட்டும்போதோ காற்றுப் படும்போதோ திரும்ப வந்தால் அது முகத்தின் முந்நரம்பு வலியாக இருக்கலாம். ஜோன் பொதர்கில் 1773இலேயே 14 நோயாளிகளை வைத்து இதை விவரித்தார். மூளைத்தண்டருகே ஓர் இரத்தக் குழாய் அந்த நரம்பை அழுத்துவதே பலரில் காரணம். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் ஏராளம். இதற்குப் பனடோல் உதவாது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபின் பலருக்குக் கேட்கும். அதை வைத்தியர் அளந்துதான் தர வேண்டும். நெற்றியில் அக்கி வந்து போனவர்களுக்கு அதே இடத்தில் எரிவு மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு. சாதாரண வலிக்குளிசையை மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் விழுங்கினால் அந்தக் குளிசையே தலையிடியை வளர்க்கும் என்பது பலருக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பில் எங்கே உலோகத் துண்டு இருந்தாலும் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் சில உலோகங்களை அசைத்துவிடும். ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போகும் தலையிடி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும், கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தலையிடி: இவற்றுக்குக் கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் நின்றால் கல்முனைக்குப் போவது பெரும்பாடு என்பது தெரியும். சுற்றிப் போக வேண்டியிருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

மிட்செலின் பிற்காலம் அவ்வளவு பெருமைக்குரியதல்ல. பெயரும் பணமும் வந்தன; நாவல்கள் எழுதினார்; ஓய்வுச் சிகிச்சை என்று ஒரு முறையைப் புகழாக்கினார். மனம் சோர்ந்த பெண்களை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்து, நிறையச் சாப்பிடக் கொடுத்து, வாசிக்கவோ எழுதவோ விடாமல் வைப்பது அது. 1887இல் அவரிடம் போன எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் அதனால் பைத்தியத்தின் விளிம்புவரை போய், 1892இல் மஞ்சள் சுவர்த்தாள் பற்றிய தன் புகழ்பெற்ற கதையில் அதை எழுதினார். சிப்பாய்களிடம் அவ்வளவு கேட்டவர் பெண்களிடம் கேட்கவில்லை.

சிப்பாய்களை ஆனால் அவர் வீடு மறக்கவில்லை. அவருடைய மகன் ஜோன், தானும் வைத்தியராகி, தகப்பனின் பழைய நோயாளிகளைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பரிசோதித்து 1895இல் ஒரு நூல் வெளியிட்டார். யுத்தம் முடிந்து முப்பது வருடம். நரம்புக் காயம் விட்டுச்சென்ற தொல்லைகள் சிலரிடம் அப்போதும் இருந்தன.

மிட்செல் 1914 ஜனவரி 4ஆம் திகதி பிலடெல்பியாவில் இறந்தார். ஏழு மாதங்களுக்குள் ஐரோப்பாவில் அடுத்த யுத்தம் தொடங்கியது. 1916இல் பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் ரெனே லெரிஷ், மிட்செல் பெயரிட்ட அதே எரிவுக்கு ஒரு புதிய சத்திரசிகிச்சையை வெளியிட்டார். அவரிடம் வந்தவர்களும் காயம் ஆறிய சிப்பாய்கள்தான்.